வாடகை அட்டவணையைப் பூட்டியது யார்

சிறுசேரி ஆபீசில் என் பக்கத்து சீட்டில் இருந்தவளின் வேலையைப் பிடுங்கப் பார்த்தார்கள். இன்னமும் எனக்கு அது ஆறவில்லை.

மாமல்லபுரம் கடற்கரை ரோட்டில் நாலைந்து ரிசார்ட் வைத்திருக்கும் ஒரு முதலாளிக்கு நாங்கள் சாஃப்ட்வேர் பார்த்துக்கொண்டிருந்தோம். புக்கிங், பில், அறை வாடகை எல்லாம் ஒரே டேட்டாபேஸ். அது அநேகமாகத் தினமும் ஒரு வேளை அப்படியே உறைந்துவிடும். ரிசப்ஷனில் பெட்டியும் பிள்ளைகளுமாக ஆட்கள் நிற்பார்கள். ரூம் போட முடியாது. உடனே எங்கள் மேனேஜருக்கு ஃபோன் வரும். ஃபோனில் சார் சார் என்று குழைவார். வைத்ததும் எங்கள் மேல் பாய்வார்.

பக்கத்து சீட்டுக்காரி கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிறவள். கான்ட்ராக்ட் ஆள். புருஷன் லாரி ஓட்டி முதுகு போய் வீட்டில் படுத்திருந்தான். இவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. எந்த ரூம் காலி என்று காட்டும் ரிப்போர்ட்டை அவள்தான் எழுதியிருந்தாள். டேட்டாபேஸ் உறையும்போதெல்லாம் மேனேஜரின் திரையில் அந்த ரிப்போர்ட்தான் சிவப்பாக மேலே வந்து நிற்கும்.

"பாருங்க, உங்க ரிப்போர்ட்தான் வாடகை டேபிளைப் பிடிச்சு வெச்சிருக்கு" என்றார் மேனேஜர்.

"அது புடிச்சிகினு இல்ல சார். காத்துகினு கீது."

"திங்கக்கிழமை நீங்க வீட்லேர்ந்து வேலை செய்யறீங்க. திங்கக்கிழமை மட்டும் பிரச்சனையே வரலை. இதுக்கு என்ன சொல்றீங்க?"

சுற்றி நின்ற அத்தனை இன்ஜினியர்களும் தலையாட்டினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தாலும் அதே ரிப்போர்ட், அதே டேட்டாபேஸ்தானே என்று கேட்க ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. மாதக் கடைசியோடு அவளை அனுப்பிவிடுவது என்று முடிவானது.

கேன்டீனில் அவள் சொன்னாள்: "ரெண்டு நாளு என் ரிப்போர்ட்ட நிறுத்திப் பாருங்கன்னேன். அதுக்கும் மாட்டேங்கறான். இன்னா ஜென்மமோ."

மறுநாள் டேட்டாபேஸ் உறைந்தபோது நானே உள்ளே நுழைந்து பார்த்தேன். பாஸ்வேர்ட் ஊருக்கே தெரியும், அதுவே ஒரு அசிங்கம். யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். அவள் ரிப்போர்ட் வெறுமனே வரிசையில் நின்றது. அதிக நேரம் நின்றதால் பட்டியலில் முதலில் தெரிந்தது, அவ்வளவுதான். வரிசையின் தலையில் வேறொரு கம்ப்யூட்டரின் இணைப்பு இருந்தது. எந்த வேலையும் செய்யாமல் சும்மா கிடந்தது.

வாடகை அட்டவணையில் யாராவது மாற்றம் செய்தால், கமிட் என்று கொடுத்து முடிக்கும் வரை டேட்டாபேஸ் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் ஒருத்தன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைத்தான் எங்கள் ஆட்கள் திருடி என்று பிடித்திருந்தார்கள்.

அந்த இணைப்பு வந்தது மாமல்லபுரத்தில் இருந்த ரிசார்ட்காரர்களின் கணக்கு ஆபீசிலிருந்து. மேனேஜரிடம் சொன்னேன்.

"கிளையன்ட் பக்கம் கை காட்டாதப்பா" என்றார். "இருக்கற கான்ட்ராக்டும் போயிடும்."

அவர் கான்ட்ராக்ட் போகக் கூடாது. அவள் வேலை போகலாம்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கோவளம் வழியாக வெயிலில் மாமல்லபுரத்துக்குப் பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேரும்போதே ரிசப்ஷன் பெண் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தாள், சிஸ்டம் மறுபடி நின்றுவிட்டது என்று. பக்கத்து அறையில் கணக்கு ஆபீசர், ஐம்பது வயசுக்காரர், டிபன் பாக்சைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே கம்ப்யூட்டர். எல்லா அறைக்கும் வாடகையை ஏற்றும் கட்டளை ஓடி முடிந்திருந்தது. அடியில் கமிட் என்று அடித்து வைத்திருந்தார். ஓட்டவில்லை.

"சார், இன்னும் கமிட் குடுக்கலையா?"

"குடுக்கணும். ஒன்றரை ஆகட்டும்."

"எதுக்கு சார் ஒன்றரை?"

"ராகு காலம் தம்பி. ரேட்டு மாத்தறதுன்னா சும்மாவா? நல்ல நேரத்துல ஆரம்பிச்சேன். சரிபார்க்கறதுக்குள்ள இது வந்துடுச்சு. முடிக்கறதும் நல்ல நேரத்துல முடிக்கணும்ல?"

"அது வரைக்கும் அங்க யாரும் ரூம் போட முடியாது சார்."

"ராகு காலத்துல ரூம் போட்டா மட்டும் வெளங்கிடுமா?" என்றார். ஊறுகாயை நக்கிக்கொண்டார்.

ரிசார்ட்டில் ரேட்டு தினமும் மாறும், அதனால் தினம் தினம் இதேதான். செவ்வாய் என்றால் மூன்று மணிக்கு மேல், வெள்ளி என்றால் காலையில். கையில் எந்த வேலை இருக்கிறதோ அதை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொள்வார். திங்கட்கிழமை ராகு காலம் அவர் ஆபீசுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். மேனேஜர் கண்டுபிடித்த பெரிய தடயத்தின் லட்சணம் அது.

என் வீட்டிலும் ராகு காலம் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் அடுத்தவன் வழியில் படுத்துக்கொண்டு பார்க்கிறது என்ன பக்தி? அவரைவிட எங்கள் ஆட்கள் மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் தெரியக்கூடியதைப் பார்க்கச் சோம்பல்பட்டு, ஒரு பெண்ணின் சோற்றில் கை வைக்கத் துணிந்தவர்கள்.

அன்று சாயங்காலமே கணக்கு ஆபீசரின் திரையை எடுத்திருந்த படத்தோடு எல்லாவற்றையும் எழுதி, மேனேஜருக்கும் ரிசார்ட் முதலாளிக்கும் சேர்த்தே அனுப்பினேன். மறுநாள் காலை மேனேஜர் வெளுத்துப்போய் நின்றார். "யாரைக் கேட்டு அனுப்பின நீ?" என்று ஆரம்பிக்கும்போதே முதலாளியின் ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லா புடிச்சீங்க" என்றார் முதலாளி. "ஒண்ணு பண்ணுங்க. சாஃப்ட்வேர்லயே ராகு காலத்தைப் போட்டுடுங்க. அந்த டைம்ல ரேட்டு மாத்தற ஸ்கிரீனே தொறக்கக் கூடாது. முன்னாடியே தொறந்திருந்தா, அதுவே மூடிக்கணும்."

"அருமையான ஐடியா சார். அதுக்கு நம்மகிட்ட நல்ல ஆள் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் கான்ட்ராக்ட் நீட்டிக்கப்பட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. எல்லோரும் சேர்ந்து உழைத்ததன் பலன் என்று மேனேஜர் மெயில் போட்டார். தலையாட்டின அத்தனை பேரும் அதற்கு வாழ்த்து அனுப்பினார்கள்.

அவள் அன்றே வேலையை ஆரம்பித்தாள். நடுவில் தலையைத் தூக்கி, "எமகண்டம் வாணாமா சார்?" என்று மேனேஜரைக் கேட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த ஆள் யோசித்துவிட்டு, கிளையன்டிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்.

"அதையும் சேத்தா இன்னும் ரெண்டு மாசம் வேல ஓடும் அண்ணாத்த" என்றாள் என்னிடம். "நீ இன்னாத்துக்கு மொறைக்கிற? குளிகையும் கீது."