மினிபஸ்ஸில் என் ராப்பைக் கேட்ட பூக்கார அக்கா

வீட்டு கம்ப்யூட்டரில் நானே எழுதிப் பாடிப் பதிவு செய்த ராப் சிடியை, ஒத்தக்கடை மினிபஸ் டிரைவர் அண்ணனிடம் கொடுத்து வைத்திருந்தேன். இன்று காலை நான் ஏறியதும் போட்டுவிட்டார்.

என் மைக்கை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத திருநகர் ராப்பரைக் கிழித்து நான் எழுதிய பாட்டு அது.

முன் சீட்டில் மல்லிகைக் கூடையோடு இருந்த அக்கா கண்டக்டரிடம் கேட்டார்: "யாருய்யா இவன், மூச்சு விடாம ஏசுறான்?"

"இவன் மைக்கை வாங்கிட்டுப் போனவன் திருப்பித் தரலையாம்க்கா."

"அதுக்கா இம்புட்டுக் கத்து கத்துறான்? நேர்ல போய்க் கேக்க வேண்டியதுதான?"

"பயமா இருக்கும்போல," என்றார் பின்சீட்டுப் பெரியவர்.

பஸ்ஸே சிரித்தது. ஸ்பீக்கரில் நான் அப்போதுதான், மதுரையே என்னைக் கண்டால் நடுங்கும் என்று முழங்கிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். "பாடுனது அந்தா, சன்னலோரம் இருக்குற தம்பிதான்," என்று காட்டிக்கொடுத்துவிட்டார்.

அக்கா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"திருநகர்ல எந்தத் தெரு? ஞாயித்துக்கிழமை நான் போய் வாங்கிட்டு வாரேன்."

தெருவைச் சொல்லிவிட்டேன். வீட்டு அடையாளத்தையும் சொல்லிவிட்டேன்.

திருநகர் மாப்ள, இதை நீ படிப்பாய் என்று தெரியும். மைக்கைத் துடைத்து வாசலிலேயே வைத்துவிடு. அந்த அக்காவோடு நான் வரமாட்டேன், அவரைப் பார்த்தால் எனக்கே நடுங்குகிறது.

தைரியமிருந்தால் அவரைக் கிழித்து நாலு வரி கீழே கமெண்ட்டில் எழுது, பார்ப்போம்.