ஹார்டு டிஸ்க் வாய் திறந்தது

நேற்று புனே ஹடப்சரில், ஹார்டு டிஸ்க் பழுதுபார்க்கும் கடையில்...



போன வாரம் டிஸ்கில் லேப்டாப் சார்ஜரைச் செருகிவிட்டேன். (இரண்டும் கறுப்பு வயர்தானே!) ஒரு கீற்றுப் புகை, அவ்வளவுதான்.

உள்ளே இருந்தது, பத்திரிகைச் செய்திக்காக நான் எடுத்த முருகேசனின் பேட்டி. இங்கே ஒரு தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். மெஷினில் ஒரு தொழிலாளியின் விரல்கள் போயின. தவறு அந்தத் தொழிலாளியுடையது என்று நிர்வாகம் எழுதிவிட்டது. பாதுகாப்பு சென்சாரை நிறுத்தச் சொன்னதே நிர்வாகம்தான் என்று முருகேசன் பேசியிருந்தார்.

பெயர் வராது, குரலும் என்னைத் தாண்டாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வேறு பிரதி கிடையாது.

கடைக்காரர் இர்ஃபான் பாய் டிஸ்கின் அடியிலிருந்த போர்டைக் கழற்றினார்.

"போர்டு தோ ஜல் கயா, சாப்!"

போர்டு எரிந்தேபோய்விட்டதாம். அதே மாடல் போர்டு அவரிடம் இருந்தது. ஆனால் அதை மாட்டினால் மட்டும் போதாதாம். இந்த டிஸ்கைப் படிப்பதற்கான விவரம் பழைய போர்டின் குட்டி சிப் ஒன்றில்தான் இருக்கிறது. அந்த சிப்பின் ஒரு கால் கருகியிருந்தது.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தலைமுடி போன்ற கம்பியை அந்தக் காலில் பற்றவைத்து, சிப்பைப் புதிய போர்டுக்கு மாற்றினார்.

டிஸ்க் சுழன்றது! ஃபோல்டர்கள் வந்தன!

நான் கை நீட்டுவதற்குள், "செக் கர் லோ, சாப்" என்று ஒரு ஃபைலை ஸ்பீக்கரில் ஓடவிட்டார். (எல்லா வாடிக்கையாளருக்கும் இப்படித்தான் செய்வாராம்!)

கடை முழுக்க முருகேசன் குரல்.

"மேனேஜர் சொல்லித்தான் சார் சென்சார ஆஃப் பண்ணோம்..."

பாய்ந்து நிறுத்தினேன். தமிழ்தானே, இங்கே யாருக்குப் புரியும் என்று மூச்சு விட்டேன்.

பக்கத்து நாற்காலியில், அதுவரை பாயோடு மராத்தியில் அரட்டையடித்துக்கொண்டிருந்த இளைஞர் திரும்பினார்.

"அங்கிள், இது முருகேசன் அண்ணா ஆவாஸ்தானே?"

"நீங்க... தமிழா?"

"ஹாங் அங்கிள், இங்க புனேல, கட்கிலயே பொறந்தேன். அண்ணா எங்க கம்பெனிதான். நான் ஹெச்.ஆர்."

ஹெச்.ஆர்.!

காதில் விழுந்தது என்ன பேச்சு என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் மாறியது. போனைக் காதில் வைத்தபடி வெளியே போய்விட்டார். ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்பைக்கூட வாங்கவில்லை.

தெருவில் நின்று முருகேசனை அழைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"அடப்பாவி மனுசா!"

அப்புறம் அவரே தொடர்ந்தார்.

"சரி, என் பேரப் போட்டே எழுதிடுங்க. நாளைக்கே வரணும். என்னத் தூக்குறதுக்கு முன்னாடி நாலு பேருக்குத் தெரிஞ்சிடணும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க எங்க சார் விட்டீங்க?"

இன்று காலை பெயரோடு செய்தி வந்துவிட்டது. மதியம் அவருக்கு சஸ்பென்ஷன் ஆர்டரும் வந்துவிட்டது.

புனேயில் தொழிலாளர் வழக்கு நடத்தும் நல்ல வக்கீல் யாரையாவது தெரியுமா? இன்பாக்ஸில் சொல்லுங்கள். இன்றைக்கே வேண்டும்.