இரண்டு சாண் வெறும் சுவர்

டர்ப்பன்டைனும் கோப்பியும் கலந்த வாசனைதான் எனக்கு டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரம். எங்கள் எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் அது படிக்கட்டு முழுவதும் பரவும். அங்கே இருந்தவர் ரூத் என்ற யூத ஓவியர். தகப்பனாரின் பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்த எபிரேய எழுத்துகளை ஆளுயரத்துக்கு வரைவார். ஒவ்வொரு படத்திலும் ஓரிடம் வெள்ளையாகவே கிடக்கும். உலகத்தைப் படைக்குமுன் கடவுள் தன்னைச் சுருக்கிக்கொண்டு அதற்கு இடம் விட்டார் என்று அவருடைய முன்னோரில் மறைஞானிகள் சொல்லியிருக்கிறார்களாம். அந்த இடம்தான் இது என்பார். எனக்கு ஒன்பது வயது. பெயின்ற் முடிந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு டென்மார்க் வந்திருந்தார். கைக்குழந்தையான தம்பியோடு அம்மா யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார். எங்களைப் போன்ற குடும்பங்களின் விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் தூங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நீதி அமைச்சரே வேண்டுமென்றே தூங்கவைத்தார் என்பது பிறகுதான் நாட்டுக்கே தெரியவந்தது. எப்போது கேட்டாலும் அப்பா "அலுவல் நடக்குது" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு கோடையில் ரூத்தின் வீட்டுச் சுவர்களுக்குப் பெயின்ற் அடித்துக்கொடுக்க அப்பா போனார். வாசலுக்கு எதிரே இரண்டு சாண் அளவு சுவர் பூச்சில்லாமல் கிடந்தது. "பாவம், மனிசிக்குக் கை எட்டேல்லைப் போல" என்று அதையும் வடிவாக அடித்துவிட்டார். ரூத் வந்து பார்த்தார். முகம் வெளுத்தது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ஜெருசலேமில் இடிந்த கோயிலின் நினைவாக யூத வீடுகளில் அந்த இடத்தை முடிக்காமல் விடுவது வழக்கமாம். தன் உறவுகளில், நாஜிகளிடமிருந்து மீன்பிடிப் படகேறி சுவீடனுக்குத் தப்ப முடியாமல் போனவர்களையும் அங்கேதான் நினைப்பதாக அவர் டேனிஷில் சொல்ல, நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா, தான் அடித்ததைத் தானே சுரண்டி எடுத்தார்.

அடுத்த கிழமை எங்கள் வீட்டுக்கு அடித்தபோது வாசலுக்கு எதிரே அவரும் இரண்டு சாண் விட்டார். "கொம்மா வந்து தன்ரை கையாலை அடிக்கட்டும்" என்றார். பள்ளிக்கூடத்தால் வந்ததும் நான் அந்த இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். அம்மாவுக்காக அவ்வளவு ஏங்கினேன்.

அம்மா வந்தபோது எனக்குப் பதின்மூன்று. தனியாக வந்தார். விசா கிடைப்பதற்கு முந்திய மாரியில் ஷெல் விழுந்து தம்பி போய்விட்டான். சில நாட்கள் கழித்து, அதுவரை எடுத்துவைத்திருந்த பெயின்றையும் தூரிகையையும் அப்பா கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"உது அப்பிடியே கிடக்கட்டும். சின்னவன் இன்னும் வரேல்லையே."

இன்று அந்த அடுக்குமாடி இல்லை. இடித்து வாகனத் தரிப்பிடம் ஆக்கிவிட்டார்கள். ரூத் இல்லை, அம்மாவும் இல்லை. நான் கோப்பன்ஹேகனில் தமிழ் எழுத்துகளை ஆளுயரத்துக்கு வரைகிறேன். ஒவ்வொரு படத்திலும் இரண்டு சாண் வெள்ளை. அண்மையில் என் கண்காட்சிக்கு அப்பா வந்திருந்தார். பார்வை மங்கிவிட்டது. தொடக்கூடாது என்று எழுதியிருந்ததைப் பொருட்படுத்தாமல், படத்துக்குப் படம் அந்த வெள்ளையைத் தடவிக்கொண்டே போனார். கடைசிப் படத்தில் கையை எடுக்காமல் நின்றார்.

"சின்னவனுக்கு இப்ப நாப்பது வயசாகியிருக்கும், என்ன பிள்ளை?"