முந்நூறு வீரர்கள் கேட்ட பெயர்

நாற்பத்து மூன்று வயதில் அந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு நாடே இருந்தது என்றால் யார் நம்புவார்கள்? தொழில் என்னவோ பல் கட்டுவதுதான். மருத்துவர்கள் அனுப்பும் வாயச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். மிஞ்சிய பிளாஸ்டரைக் கொட்ட மனசு வராது. கட்டைவிரல் உயரத்தில் வாளும் கேடயமுமாக வீரர்களை வார்த்துவிடுவார். ஆறு வருடத்தில் முந்நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

இத்தனை பேருக்கு ஒரு நாடு வேண்டாமா? அதையும் அவரே கற்பனையில் உண்டாக்கினார். அந்தக் கதைப்படி நாட்டை நிறுவியவர் ஊமைத் தளபதி. ஒருநாள் வாளைக் கீழே போட்டுவிட்டுக் காணாமல் போனவர். வாளை எடுக்க அவர் திரும்பி வருவார் என்று படை நம்பியது. வாளை விட்டதுதான் அவர் காட்டிய வழி என்று வெறுங்கையர் என்ற கூட்டம் நம்பியது. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று ஒழித்துக்கட்டத் துடித்தன. எது உண்மை என்று நாட்டை உண்டாக்கிய பல்லுக்காரருக்கே தெரியாது. கேட்டால், "ரகசியம்" என்று பந்தா காட்டுவார்.

ஞாயிறு மதியம் பட்டறை மேசையைத் துடைத்துவிட்டு, அந்த நாட்டை வைத்து ஆட நாலு பேர் உட்காருவார்கள். பல்லுக்காரர் கதை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம்; நினைத்தது பலிக்குமா என்று இருபது முகப் பகடை சொல்லும். மாமா, அதாவது அக்காவின் கணவர், படைத் தளபதி. அக்கா வெறுங்கையரின் தலைவி. பக்கத்து டயர்க்கடைக்காரர் வில்லாளி; மதியச் சாப்பாடு கண்ணைச் சுழற்ற, பாதிப் போரில் குறட்டை விடுவார்.

எட்டு மாதமாக அக்காவும் மாமாவும் ஒரே வீட்டில் இல்லை. ஏதோ சண்டையில் மாமா, "நீ இல்லாமலே நான் நல்லா இருப்பேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். சொன்னதை விழுங்க மாமாவுக்கு வறட்டுக் கௌரவம். இருவரும் முகம் பார்த்துக்கொள்வது இந்த மேசையில் மட்டும்தான்.

அந்த ஞாயிறு காலை அக்கா பல்லுக்காரருக்குப் போன் செய்தாள்.

"வெளியூருக்கு மாத்தல் வாங்கிட்டேன்டா. ஆட்டத்துல என் ஆளை இன்னைக்கே சாகடிச்சிடு. இனிமே வரமாட்டேன்."

"மாமாகிட்ட சொன்னியாக்கா?"

"எதுக்கு? நான் இல்லாமலேதான் நல்லா இருக்காரே."

அக்காவும் போய், மேசையும் காலியானால் தனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று பல்லுக்காரர் பயந்தார்.

மதியம் முற்றுகை. அச்செடுக்கும் தட்டுகள் இரண்டை நிமிர்த்தி வைத்ததுதான் கோட்டைக் கதவு. முன்னால் முந்நூறு வீரர்கள். விஷயம் தெரியாத மாமா உற்சாகமாக உத்தரவு போட்டார்.

"கதவுக்குத் தீ வை!"

"வைக்கட்டும். நான் கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறேன்" என்றாள் அக்கா.

பல்லுக்காரர் பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். நேரம் கடத்தப் பார்த்தார். "தளபதி கடைசியா ஏதாவது எச்சரிக்கை விடுவாரா?"

மாமா எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "வெறுங்கையர் தலைவியே! சரணடைந்து வெளியே வாருங்கள்!"

"நகர்வதாக இல்லை, தளபதியாரே."

"எரிந்து சாம்பலாகிவிடுவீர்கள்!"

"ஆகிறேன். யாருக்கு நஷ்டம்?"

கடைசி வார்த்தையில் அக்காவின் குரல் உடைந்தது. மாமா அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏய் மைனா, கிறுக்குத்தனம் பண்ணாத. வெளிய வா."

ஓயாமல் பேசுகிறாள் என்று கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர் அது. எட்டு மாதமாக அதை யாரும் கேட்கவில்லை. டயர்க்கடைக்காரர்கூட விழித்துக்கொண்டார்.

மேசையில் வாய்விட்டுச் சொன்னதெல்லாம் அந்த நாட்டில் நடந்ததாகத்தான் கணக்கு. வாய் தவறினால், பகடை உருளுமுன் "வாபஸ்" சொல்லித் தப்பிக்கலாம். வீட்டில் மருந்துக்கும் வராத அந்த வார்த்தை, மேசையில் மாமாவுக்கு ஞாயிறுக்கு நாலு தடவை வரும்.

"மாமா, எதிரித் தலைவியை நீங்க செல்லப்பேரு சொல்லிக் கூப்பிட்டதை முந்நூறு பேரும் கேட்டுட்டாங்க. பதினஞ்சுக்குக் கீழ விழுந்தா படை உங்களை விட்டுப் போயிடும். வாபஸா?" என்று கேட்டார் பல்லுக்காரர்.

மாமா முந்நூறு வீரர்களையும் ஒருமுறை பார்த்தார். அக்கா மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

"வேண்டாம்" என்றார் மாமா.

"ஆறு வருஷப் படை மாமா."

"தெரியும்டா. பகடையைக் கொடு."

அவரே உருட்டினார். நாலு விழுந்தது.

பல்லுக்காரர் வீரர்களை வரிசை வரிசையாக எடுத்துப் பெட்டியில் போட்டார். தீ வைக்க ஒரு ஆள்கூட மிச்சமில்லை. கதவின் முன்னால் தளபதி பொம்மை தனியாக நின்றது.

"தளபதி இப்ப என்ன பண்றார்?" என்றாள் அக்கா.

"நிக்கிறார்." மாமா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "நல்லாவும் இல்ல அவர். எட்டு மாசம் முன்னாடி சொன்னது பொய்."

இதை ஆட்டத்தில் சேர்ப்பதா என்று பல்லுக்காரருக்குத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெழுகுக் கத்தியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கதவைத் திறக்கமாட்டேன். எட்டு மாசத்துக்கு ஒரே நாள்லயா?"

வாசல்வரை போனவள் செருப்பைப் போட்டுக்கொண்டே தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், பொம்மையை எடுத்து உள்ள வச்சிடாத. அங்கயே நிக்கட்டும். அடுத்த ஞாயிறு வந்து பாக்குறேன்."