கோட்டுக்கு அந்தப் பக்கம் நஜீர் பாய்

குமணன்சாவடி நஜீர் பாயிடம் வண்டியை விட்டால் திட்டு வாங்காமல் வீடு திரும்ப முடியாது. எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் சரி. "வண்டியாய்யா இது? எரும கூட இதவிட ஒழுங்கா நிக்கும்" என்பார். பிரேக் வேலை மட்டும்தான் எடுப்பார். வேறு கோளாறு என்றால் பக்கத்து ஷெட்டைக் காட்டிவிடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஆளில்லாத சாலையில் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு அந்தப் பக்கம் தானே போய் நிற்பார். வண்டிக்காரன் வேகமாக ஓட்டிவந்து கோட்டில் நிறுத்த வேண்டும். நல்ல பைத்தியக்காரத்தனம் என்று நானே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில் என் முறை வந்தது. ஆவடியில் அம்பாசடர் வைத்துச் சவாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆடி மாதம், திருவேற்காட்டு அம்மன் கோயில் கூட்டம். பேராசை பிடித்து ஒன்பது பேரை ஏற்றினேன். ஒரு திருப்பத்தில் பள்ளிக்கூடப் பெண் குறுக்கே வந்தாள். மிதித்தேன். அத்தனை பாரத்துக்கு வண்டி உடனே நிற்குமா? இழுத்துக்கொண்டு போய் அவளைத் தட்டியது. கால் எலும்பு முறிந்ததோடு பிழைத்தாள், சாமி புண்ணியம். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே என் வலது கால் வெடவெடவென்று உதறும். இரண்டு மாதம் வண்டி வாசலில் கிடந்தது. வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இருந்தும் விற்றுவிடத் தீர்மானித்துவிட்டேன்.

சேதி காதில் விழுந்ததும் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னா மூர்த்தி, விக்கிறியாமே? முன்னாடி பெரிய டிஸ்க் பிரேக்கா மாத்தித் தர்றேன் நைனா. ஓட்டிப் பாரு. அப்பால வித்துக்கோ."

வண்டியை அவரே தன் ஷெட்டுக்கு ஓட்டிப்போனார். பின்பக்கம் நொறுங்கிக் கிடந்த வேறொரு காரிலிருந்து முன் பிரேக்கைக் கழற்றி வந்தார். அது அளவில் பெரிது. என் பழைய சக்கரத்துக்குள் அடங்குமா என்பதுதான் கேள்வி. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் சக்கரத்தின் உள்பக்கத்தில் உரசினால் எல்லாம் வீண். அதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் சப்பாத்தி மாவு. காலிப்பர்மேல் மாவை அப்பி, சக்கரத்தை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றுவார். கழற்றிப் பார்த்தால் நசுங்கியது போக மீந்த மாவின் கனம்தான் இடைவெளி. ஐந்து தடவை மாட்டி, கழற்றி, காலிப்பரைத் தாங்கும் இரும்பை அரத்தால் ராவினார்.

"மாவெல்லாம் கிரீஸாக்கிட்டு ராத்திரிக்கி சப்பாத்தி கேப்பாரு இந்த மனுசன்" என்று அவர் மனைவி ராபியா அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

ஆறாவது தடவை ஒரு தோசை கனத்துக்கு மாவு மிஞ்சியது. போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் அவரே வண்டியை ஓட்டிப்போனார். கோடு போட்டார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, போய் நின்றார்.

"தள்ளிக்கோங்க பாய். மத்தவங்க மாதிரி இல்ல நானு. என் காலு என் பேச்சு கேக்காது" என்று கத்தினேன்.

"நான் போட்ட பிரேக்க நானே நம்பலன்னா நீ எப்டிய்யா நம்புவே? வா, வா!"

முதல் தடவை முப்பதடி முன்னாலேயே நிறுத்திவிட்டேன். வண்டி நின்ற அழகைப் பார்த்து நானே அசந்துபோனேன். அவர் அசரவில்லை.

"இன்னாத்துக்கு இப்டி பயந்துகினு கீற? திரும்பப் போ!"

இரண்டாம் தடவை இருபதடி. அவர் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் தடவை வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவர் சட்டைப் பொத்தான் தெரிகிறவரை வந்துதான் மிதித்தேன். ஒரு பக்கமும் இழுக்காமல் வண்டி கோட்டின்மேல் நின்றது. என் கால் உதறவில்லை.

இறங்கி ஓடினேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். சட்டை முழுக்க வேர்வை. இறுக மூடியிருந்த கண்ணை அப்போதுதான் திறந்தார்.

"இன்னா பாய், ஒங்க பிரேக்குமேல ஒங்களுக்கே பயமா?"

"பிரேக்குமேல இன்னாய்யா பயம்? ஒன் கால்மேலதான்" என்றார்.

தெரிந்தே மூன்று தடவையும் நின்றிருக்கிறார் மனுஷன். நடுரோட்டில் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.