வியாழக்கிழமைச் சிவப்பு விளக்கு

“லைன் ஏக்தம் டீக் ஹை, மேடம். ஆப்கோ சலானா ஆதா ஹை நா?”

லைனில் ஒரு குறையும் இல்லை, உங்களுக்கு இதை இயக்கத் தெரியுமில்லையா என்று கேட்டுவிட்டு, இன்டர்நெட் லைன்காரர் மோடத்தை மறுபடி ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார். எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்தன. பத்து நிமிடத்துக்கு முன்புவரை அதில் ஒன்று சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அது அவருடைய மூன்றாவது வருகை. மூன்று முறையும் அவர் காலடி வைத்ததும் சிவப்பு பச்சையாகிவிட்டது. “என்னைப் பார்த்தால் பயப்படுகிறது போலிருக்கிறது” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். புகாரை முடித்துக்கொள்வதாகச் சொல்லி, என்னை மாடிக்கு அனுப்பி, அங்கே என் கைபேசிக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சலானா ஆதா ஹை நா. அந்தக் கேள்வி அன்று முழுவதும் என்னைக் குடைந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அம்மா மெட்ரோவில் பூ மண்டிக்குப் போய்வருவதே ஸ்டேஷன்களை விரல்விட்டு எண்ணித்தான். பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரியாது. நான் பட்டம் வாங்கிய அன்று ஜனக்புரியில் தனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் காசு வாங்காமல் ஒரு முழம் பூ கொடுத்தாள். “எம்பொண்ணு இங்கிலீசுலயே கம்ப்யூட்டர் பேசுவா” என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாளாம். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு பெட்டியை இயக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார் ஒருவர்.

அப்போது நான் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் ஒரு கம்பெனியில் பயிற்சியில் இருந்தேன். வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுத்தில் பதில் சொல்லும் வேலை. பயிற்சி முடிவில் ஒரு நேர்காணல்; அதில் தேறினால் வேலை நிரந்தரம். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று முறை பாதிப் பேச்சில் என் இணைப்பு அறுந்துவிடும். மேற்பார்வை மேடம் கோபப்படாமல், தணிந்த குரலில் ஒரு நாள் சொன்னார்: “உன் பதில்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் நேர்காணலிலும் நீ இப்படிக் காணாமல் போனால் உனக்காக நான் எதுவும் பேச முடியாது.” நேர்காணல் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என்று கடிதம் வந்தது. எங்கள் வீடு குறுகிய சந்தில், தரைத்தளத்தில். கைபேசி சிக்னல் வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். ஜூன் மாத மதியத்தில் அங்கே நின்றால் கைபேசியே சூடேறி அணைந்துவிடும். ஆக, எனக்கு இருந்தது அந்த மோடம் ஒன்றுதான்.

படித்தவள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். அணைத்து, முப்பது வரை எண்ணி, மறுபடி போட்டேன். ப்ளக்கை மாற்றினேன். ஃப்ரிட்ஜின் சூடு காரணமோ என்று மோடத்தை நாற்காலியில் வைத்துப் பார்த்தேன். கூலரை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியாக ஒரு நோட்டு போட்டேன். கிழமை, விளக்கு சிவப்பான நேரம், பச்சையான நேரம், வெளியே மழையா, மின்சாரம் போய்வந்ததா, எல்லாவற்றையும் எழுதினேன். நான் என்ன செய்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அவளிடம் கேட்கவும் தோன்றவில்லை. மோடத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மேசையை எப்படிப் போட்டிருந்தேன் என்பதில் ஒரு தந்திரம் இருந்தது. கேமராவில் என் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர் மட்டும் தெரியும். பூக்கூடை, ஈரத்துணி, நார்க்கட்டு, ஜன்னலோரத்து ஆணி எல்லாம் எனக்கு எதிரே, கேமராவுக்கு அந்தப் பக்கம். விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘சொந்தத் தொழில்’ என்று எழுதியிருந்தேன். பொய் இல்லை. ஆனால் எதை மறைக்க அப்படி எழுதினேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த வியாழன் காலை பத்து மணிக்கு எல்லாம் பச்சை. பதினொன்றுக்கும் பச்சை. துவைத்து இஸ்திரி போட்ட குர்தாவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா தரையில் கால் நீட்டி மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றே காலுக்கு விளக்கு சிவந்தது.

அணைத்தேன். போட்டேன். சிவப்பு. இன்டர்நெட் கம்பெனியின் புகார் எண்ணைக் கூப்பிட மாடிக்கு ஓடினேன். உங்கள் புகார் ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. இறங்கி வந்தபோது ஒன்று முப்பத்தைந்து.

“என்ன கண்ணு, மறுபடியும் செவப்பா?” என்றாள் அம்மா.

“பேசாத இரும்மா.”

வேறு வழி தெரியாமல் நோட்டைப் பிரித்தேன். அதுவரை நான் நேரங்களைத்தான் பார்த்துவந்தேன், கிழமைகளைப் பார்த்ததில்லை. திங்கள். வியாழன். திங்கள். வியாழன். நடுவே ஒரே ஒரு செவ்வாய், அது ஏதோ விசேஷத்துக்கு முந்தைய நாள். எல்லாம் மதியம் ஒரு மணிக்கு மேல் தொடங்கி நாலரைக்குள் முடிந்திருந்தன. எந்தக் கருவியும் கிழமை பார்த்துக் கெட்டுப்போகாது. கிழமை பார்க்கிறவர்கள் மனிதர்கள்தான்.

“அம்மா, திங்களும் வியாழனும் மத்தியானத்துல நம்ம வீட்ல என்ன நடக்குது?”

“என்ன நடக்கும்? பூ கட்டி முடிப்பேன். செவ்வா, வெள்ளி பூசைக்கு மொத நாள் சாயங்காலமே வாங்கி ஃப்ரிட்ஜுல வெச்சுக்குவாங்கல்ல இந்த ஊர்க்காரங்க. அதான் ரெண்டு பங்கு கட்டறேன்.”

“கட்டி எங்க வெப்ப?”

“இதென்னடி கேள்வி? எப்பவும் மாட்டற எடத்துலதான்.”

நிமிர்ந்து பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து அந்த ஆணியில் பூ மூட்டை தொங்குகிறது. கூலர் காற்று படும் இடம், எலி ஏறாது. ஈர வேட்டியில் சுற்றிய மூட்டை, இரண்டு பங்கு கனத்தோடு, சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் ஆணிக்கும் நடுவில், மிச்சமிருந்த இன்டர்நெட் ஒயரை லைன்காரர் அழகாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டிருந்தார். மெல்லிய வெள்ளை ஒயர். உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினால் வெளிச்சம் அதைத் தாண்டாது. அது நான் படித்ததுதான். கேமராவுக்குத் தெரியக்கூடாது என்று அந்த மூலையை என் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, வாரக்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“லைன்காரர் வந்தப்பல்லாம் இது எங்க இருந்துச்சு?”

“அவன் பூட்ஸோட வர்றான். சாமிக்குப் போற பூவு. எடுத்துட்டு வெளிய போயிருவேன்ல?”

வேற்றாள் வந்தால் கூச்சப்பட்டு அம்மா வெளியே போகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“ஜல்தி, எடும்மா!”

அவள் மூட்டையைத் தூக்கினாள். விளக்கு சிவப்பாகவே சிமிட்டியது. நான் ஒயரின் சுற்றைப் பிரித்து, வளைவைத் தளர்த்தினேன். ஒன்று ஐம்பத்தாறு. சிமிட்டியது. ஒன்று ஐம்பத்தெட்டுக்கு ஒரு கணம் அணைந்தது. பிறகு பச்சை.

மூட்டைக்கு வேறு இடம் தேடுவதற்குள் கணினியில் நேர்காணல் அழைப்பு ஒலித்துவிட்டது. ஆணியில் ஒயர் இருந்தது; மூட்டையைக் கீழே வைக்கவும் அம்மாவால் முடியாது. தரை கால் படும் இடம், கட்டில் படுக்கும் இடம். வெளியே போகலாம் என்றால் எங்கள் இரும்புக் கதவு திறந்தால் சந்து முழுக்கக் கேட்கும். ஆகவே அவள் கேமராவுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே, மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாற்பது நிமிடம். புடவையின் முன்பக்கம் முழுவதும் நனைந்து, தண்ணீர் பாதத்தில் சொட்டியது. கை மாற்றக்கூட இல்லை. நான் பேசிய ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியாது. ஆனால் நான் தடுமாறியபோதெல்லாம் அவள் தாடை இறுகியது.

முடிவில் அந்த அதிகாரி, வீட்டில் எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். எதிரே பார்த்தேன். “அம்மா பூக்காரி. கட்டுகிறார், விற்கிறார். இந்த இணைப்பு இப்போது அறுந்துபோகாமல் இருப்பது அவரால்தான்” என்றேன். அவர் புரியாமல் சிரித்தார். வேலை கிடைத்தது.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அன்று மாலையே சுத்தியல் இரவல் வாங்கி, ஒரு சாண் தள்ளிப் பூவுக்குப் புது ஆணி அடித்தேன். லைன்காரரையும் கூப்பிட்டுச் சொன்னேன். “அச்சா! பூவா?” என்று கேட்டார். “என்னிடம் யாரும் சொல்லவில்லையே” என்றார். அவர் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை. அதனால் அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியை என் பக்கம் எடுத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் எங்கள் கம்பெனி, இன்டர்நெட் பழுதுகளைத் தொலைபேசியில் கேட்டுத் தீர்க்கும் புதிய பிரிவு ஒன்றைத் தொடங்கியது. படிப்புத் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைவு. விண்ணப்பத்தில் ‘பழுது நீக்கிய அனுபவம்’ என்ற கட்டத்தில், வீட்டில் இருப்பவர்களிடம் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று முதலில் கேட்பேன் என எழுதி, அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து இணைத்தேன். தாயின் தொழில் என்ற இடத்தில் பூக்காரி என்று எழுதினேன்.

இன்று வியாழக்கிழமை. புது ஆணியில் மூட்டை சொட்டிக்கொண்டிருக்கிறது. பழைய ஆணியில் ஒயர் தளர்வாகத் தொங்குகிறது. விளக்கு பச்சை. விண்ணப்பத்தைக் காலையிலேயே அனுப்பிவிட்டேன்.