பேரோ கடல்பனியில் ஃப்னூ கண்ட விரிசல்

சுற்றுலாவா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. 2008 ஏப்ரல் கடைசியில் அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் பேரோவுக்கு நான் போனது, மேனேஜர் போகச் சொன்னதால். நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் உட்கார்ந்து டேட்டாபேஸ் எழுதுகிறவன் நான். கடல்பனியை ஆராயும் ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்கு எங்கள் கம்பெனி இணையதளம் செய்து கொடுத்திருந்தது. விஞ்ஞானிகள் அதில் சாட்டிலைட் படங்களைப் போடுவார்கள். பனிமீது நடமாடும் அந்த ஊர்ப் பழங்குடிகளான இனுபியாட் வேட்டைக்காரர்கள், தாங்கள் அன்றன்று கண்டதை அதே வரைபடத்தில் எழுதுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மார்ச்சிலிருந்து வேட்டைக்காரர்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. திமிங்கில வேட்டை தொடங்குவதற்குள் அவர்கள் திரும்பி வராவிட்டால் திட்டத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

"ஏதோ பக் இருக்கும்யா. நேர்ல போய் ஃபிக்ஸ் பண்ணிட்டு வந்துடு" என்றார் மேனேஜர். பக்கத்துத் தெருவுக்குப் போகச் சொல்வதுபோல.

நியூவார்க்கில் காலை ஏழரைக்கு ஏறி, சியாட்டிலில் மாறி, ஆங்கரேஜில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மதியம் பேரோ. சாலை வழி கிடையாது. டிக்கெட் ஆயிரத்து நூறு டாலர். எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் என் பெயர் வெறும் ரஹ்மத்துல்லா. ஊரில் வாப்பாவின் பெயர் முன்னால் ஒரு எழுத்தாக நின்றது, விசா போடும்போது அதுவும் போயிற்று. முன்பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் 'முன்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக எஃப்.என்.யூ. என்று அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து லைசென்ஸ், ஆபீஸ் பேட்ஜ், போர்டிங் பாஸ் எல்லாவற்றிலும் நான் ஃப்னூ. செக்யூரிட்டியில் ஒவ்வொரு தடவையும் விளக்கி விளக்கி வாய் வலித்துப்போயிற்று.

பேரோவில் இறங்கியதும் மூக்கு முடி உறைந்தது. அறை வாடகை நூற்றெழுபத்தைந்து டாலர். ஒரு காலன் பால் ஒன்பது. இரவு பதினோரு மணிக்கும் வெயில் அடிப்பதால் தூக்கம் வராது. தடித்த திரை இருக்கும் அறையாகக் கேட்டு வாங்குங்கள். ஹலால் கோழி, ஆட்டுக்கறி எல்லாம் மறந்துவிடுங்கள். வந்த அன்றே ஒரு வீட்டில் திமிங்கிலத் தோலைக் கொழுப்போடு நறுக்கிக் கொடுத்தார்கள். போனில் மனைவி பாத்திமாவிடம் சொன்னதும் பதறிப்போனாள்.

"யா அல்லாஹ்! ஹலாலாங்க அது?"

"நாமதான் ஷாஃபி வழியாச்சே. கடல்ல இருக்கறது நமக்கு ஹலால்தானே."

"அதுக்காக திமிங்கிலமா! டேஸ்ட்டாவது நல்லா இருந்துச்சா?"

எண்ணெயில் ஊறிய தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது. இன்னொரு துண்டும் கேட்டு வாங்கித் தின்றேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை கூட்டம். ஆராய்ச்சிக் குழுவின் தலைவி பேராசிரியர் சூசன் எனக்கு முந்தைய நாளே வந்திருந்தார். வேட்டைக்காரர்கள் சார்பில் பேசியவர் ராய். என் வயதுதான் இருக்கும். ஊர்த் தண்ணீர் நிலையத்தில் வேலை, பருவம் வந்தால் திமிங்கில வேட்டை. என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, திரையில் விரலை வைத்தார். 'நோக்கர் 3: கிழக்கே பனியில் விரிசல்' என்றிருந்தது.

"யாரு இந்த நோக்கர் 3?"

பெயர்களை மறைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் விதி என்றார் சூசன். தகவல் சொன்னவருக்குப் பின்னால் யாராலும் தொந்தரவு வரக்கூடாதே என்பதற்காக.

"என் மச்சான் லியோனார்டா இருந்தா, கேட்ட நிமிஷமே வண்டியைத் திருப்பிடுவேன்" என்றார் ராய். "போன மாசம் வேலைக்கு வந்த ஸ்கூல் வாத்தியாரா இருந்தா, நானே போய்ப் பாத்துக்குவேன். ரெண்டு பேரையும் நம்பராக்கிட்டீங்க. பனி உடைஞ்சு எங்களைக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போனா, எந்த நம்பரைக் கூப்பிட்டுக் கேக்கறது?"

"உங்களைப் பாதுகாக்கத்தான் ராய்."

"யார்கிட்டேருந்து?"

ஸாஃப்ட்வேரில் பக் எதுவும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. நாங்கள் எல்லோரும் சரி என்று நினைத்துச் செய்ததுதான் இங்கே கோளாறு. மதரஸாவில் படித்தவர்களுக்கு இது உடனே உறைக்கும். நபி சொன்னதாக வரும் எந்த ஹதீஸை எடுத்தாலும் 'அறிவிப்பாளர்: இன்னார்' என்று போட்டிருக்கும். அவருக்குச் சொன்னவர் யார், அவர் நம்பகமானவரா என்று பார்த்துவிட்டுத்தான் சேதியையே எடுத்துக்கொள்வார்கள். தூக்கம் கெட்ட ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன்.

"அவங்க ஊர்ல பனி இருந்துச்சா?" என்றார் ராய்.

"பாலைவனம்."

"அப்ப அதே கதைதான். வழி தப்பினா போச்சு."

சூசன் சிரித்தார். பிறகு யோசித்து, "என் படங்களும் அப்படித்தானே" என்றார். எந்த நாள் எடுத்தது, அதைப் பார்த்து இது பனி, இது தண்ணீர் என்று முடிவு செய்த மாணவர் யார் என்பதெல்லாம் தளத்தில் எங்கேயும் இல்லை. 'சாட்டிலைட்' என்று மட்டும் இருந்தது. அவர் நெறிமுறைக் குழுவோடு போனில் மல்லுக்கட்டி, விருப்பப்பட்டுக் கையெழுத்திடுபவர்களின் பெயரைப் போட மறுநாளே அனுமதி வாங்கிவிட்டார். நான் புதிதாக இரண்டு கட்டங்கள் சேர்த்தேன்: கண்டவர் யார், அவர் பனியை எவ்வளவு அறிந்தவர். படங்களுக்கும் அதே கட்டங்கள்தான்.

கடைசி நாள் ராய் எங்களை ஸ்னோமொபைலில் பனி விளிம்புக்குக் கூட்டிப்போனார். ஐந்து மைல். இடுப்பு ஒடிந்துவிட்டது. அந்தப் பனி கரையோடு கெட்டியாக ஒட்டியிருப்பதாகத்தான் சூசனின் படம் காட்டியது. நான் காலை நீட்டிக்கொள்ள இறங்கி நடந்தபோது விரல் அகலத்துக்கு ஒரு கருப்புக் கோடு, அதில் ஈரம். கூப்பிட்டுக் காட்டினேன். ராய் குனிந்து பார்த்தார். உடனே வண்டியைக் கரைப்பக்கம் திருப்பினார்.

அறைக்கு வந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அவ்வளவு மெல்லிய கோடு அதில் விழாது என்றார் சூசன். அடியில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ராய் வரைந்தார். கோடு எங்கே போய் முடியும் என்பதை இருவரும் சேர்ந்தே குறித்தார்கள். பிறகு ராய் லேப்டாப்பை என்னிடம் தள்ளினார். "கண்டது நீ. நீயே எழுது."

எழுதினேன். லாகின் பெயர் தானாக வந்து விழுந்தது.

"யாருப்பா இந்த ஃப்னூ?"

அதை அழித்துவிட்டு 'ரஹ்மத்துல்லா, முஹம்மது காசிமின் மகன்' என்று அடித்தேன். அமெரிக்காவில் எட்டு வருஷமாக எந்தக் கட்டத்திலும் இடம் கிடைக்காத வாப்பாவின் பெயர். கண் கலங்கியது, குளிர்மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

"இப்ப நம்புவீங்களா ராய்?"

"நீ பனிக்கு வந்தது ஒரே தடவை. அதையும் எழுது."

மறுநாள் விமானத்துக்குக் காத்திருந்தபோது தளத்தைத் திறந்தேன். மார்ச்சுக்குப் பிறகு முதன்முறையாக ஊர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். லியோனார்டு. விரிசல் ஒரு முழத்துக்கு அகன்றுவிட்டதாம், அவர் குழு கூடாரம் போடும் இடத்தை மாற்றிக்கொண்டதாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூட்ஸை இங்கிருந்து வாங்கிச் சுமக்காதீர்கள், அங்கேயே இரவல் கிடைக்கும். ஆங்கரேஜில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், மூடுபனியில் விமானம் ரத்தாகும். ஊர்க்காரர் துணையில்லாமல் பனியில் கால் வைக்கவே வைக்காதீர்கள். இதையெல்லாம் நம்பிப் பெட்டி கட்டுவதற்கு முன் கீழே இருப்பதையும் படித்துவிடுங்கள்.

அறிவிப்பாளர்: ரஹ்மத்துல்லா, முஹம்மது காசிமின் மகன். போனது ஒரே தடவை. அதிலும் பாதி நேரம் ஜலதோஷம்.